வேப்பம்பூவும் நெடுங்கால ஆராய்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவிலே, மரத்தைப் பற்றியும் பறவையைப் பற்றியும் பேச இருபது நிமிடம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். அந்த இருபதில் நான்கு நிமிடத்தை ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்து வரவிருக்கும் நாடகத்தின் பொருட்டு நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் இடம் பிடித்து அமர்ந்திருக்கின்றீர்கள் என்பதையும் நாங்கள் அறிவோம். ஆகவே சுற்றி வளைக்காமல் செய்திக்கு வருகின்றோம்.

நம் தாய்மார்கள் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். தமிழ்நாட்டிலே அந்நாளுக்கு முன்பே வேம்பு பூத்து, வாசலெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பெருக்கி எடுத்து உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். இத்தலைநகரிலோ குளிர் நீங்கிய பிறகுதான் வேம்பு இலையுதிர்க்கின்றது. பின்னர் செந்தளிர் விட்டு, அதன் பின்னரே மொட்டுக் கட்டுகின்றது. ஆண்டுப் பிறப்பன்று பூ விரிந்திருக்குமா, இராதா என்பது ஒவ்வோர் ஆண்டும் ஐயப்பாடுதான். ஊரிலிருந்து வந்த பழைய பூவை நெய்யில் வறுத்துப் போட்டு ஒப்பேற்றுவோரும் உண்டு. மொட்டையே கிள்ளிப் போட்டுவிட்டு, 'பூ என்று நினைத்துச் சாப்பிடுங்கள்' என்போரும் உண்டு.

நம் குடியிருப்பின் முதல் வரிசை வீடுகளிலே நெடுங்காலம் வாழ்ந்திருந்த அம்மையார் ஒருவர் இத்தொல்லையைத் தமக்குரிய முறையில் தீர்த்துக்கொண்டார். 1974ஆம் ஆண்டிலே கணவருடன் இங்கு வந்தவர் அவர். வீட்டு வரவு செலவுக் கணக்கு நோட்டிலே, பால் பாக்கிக்கும் சலவைக் கூலிக்கும் இடையே, நூல்நிலைய வாசலில் நிற்கும் வேம்பிலே முதற்பூவைக் கண்ட நாளை ஆண்டுதோறும் ஒரு வரி எழுதி வந்தார். 'இன்று நூல்நிலைய மரம் பூத்தது' என்பது ஓர் ஆண்டின் குறிப்பு. 'மொட்டு இருக்கிறது, பூ இல்லை. நாளை வருஷப் பிறப்பு' என்பது மற்றோர் ஆண்டின் குறிப்பு. முப்பதாண்டுகளுக்குக் குறையாமல் அவர் இவ்வாறு எழுதி வந்ததாக அவருடைய அண்டை வீட்டார் கூறுகின்றனர். அவர் மறைந்த பின் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது, நோட்டுகள் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போயின. அவற்றுள் பதினொன்று மட்டும் எஞ்சின. எஞ்சியதற்குக் காரணம் வேப்பம்பூ அன்று. அந்த நோட்டுகளின் பின்பக்கங்களிலே ஊறுகாய் போடும் முறைகள் எழுதப்பட்டிருந்தமையால், பக்கத்து வீட்டுப் பெண்மணி அவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்!

அப்பதினொரு நோட்டுகளையும் வைத்துக்கொண்டு, தலைநகரின் தட்பவெப்பம் மாறிவிட்டது என்றோ மாறவில்லை என்றோ நாங்கள் சொல்லப்போவதில்லை. இடையிடையே பல ஆண்டுகள் விடுபட்ட கணக்கு அது. முப்பதும் இருந்திருந்தால் ஏதேனும் சொல்லியிருக்கலாம். ஆயினும் அந்த அம்மையார் செய்த செயலுக்கு உலகிலே ஒரு பெயர் இருக்கின்றது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம். நெடுங்காலச் சூழலியல் ஆராய்ச்சி என்று அதனை அறிஞர்கள் வழங்குகின்றனர். ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு, ஒரே வகையான வினாவை, ஒரே முறையில், பத்து இருபது ஐம்பது ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது அது. கேட்பதற்கு எளிது. செய்வோர் அரியர்.

இங்கிலாந்திலே ரோதம்ஸ்டெட் என்னும் இடத்திலே 1843ஆம் ஆண்டு லாஸ் என்னும் நிலக்கிழாரும் கில்பர்ட் என்னும் வேதியியலாரும் ஒரு வயலைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரமிட்டுக் கோதுமை விதைத்தனர். அவ்விருவரும் 57 ஆண்டுகள் ஒன்றாகவே உழைத்தனர். லாஸ் 1900இலும் கில்பர்ட் 1901இலும் மறைந்தனர். வயல் மறையவில்லை, இன்றும் அங்கே கோதுமை விளைகின்றது. தமக்குப் பின்னும் பணி நடத்தல் வேண்டுமென்று லாஸ் 1889ஆம் ஆண்டிலேயே பொருள் ஒதுக்கி ஓர் அறக்கட்டளை நிறுவினார் என்பதே இதிலே நாம் கருதத்தக்கது. அவர்கள் அறுவடை தோறும் எடுத்துப் புட்டிகளில் அடைத்து வைத்த தானியமும் வைக்கோலும் மண்ணும், அவர்கள் கனவிலும் கருதாத வினாக்களுக்கு இந்நாளில் விடை கூறுகின்றன. காற்றிலே கலந்த நச்சுப் பொருள்கள் எந்தக் காலத்தில் மிகுந்தன என்பதை அப்புட்டிகளைத் திறந்து கண்டறிந்திருக்கின்றனர்.

அமெரிக்காவிலே ஹப்பார்டு புரூக் என்னும் காட்டிலே 1963ஆம் ஆண்டு லைக்கன்ஸ், போர்மன் முதலியோர் மழைநீரையும் ஓடைநீரையும் வாரந்தோறும் பிடித்து ஆராயத் தொடங்கினர். பெய்த மழை அமிலமாக இருந்தது. ஒரு நாள் மழை அவ்வாறிருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆண்டுக்கணக்கிலே அடுக்கி வைத்த குறிப்பை யாரால் தள்ள இயலும்? 1990ஆம் ஆண்டு அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது இக்குறிப்புகளும் பெருந்துணை செய்தன. அந்நாட்டு அரசு 1980இலே ஆறு இடங்களைத் தெரிந்து இத்தகைய ஆராய்ச்சிக்கென ஓர் இணையம் அமைத்தது. 1993ஆம் ஆண்டு அது பல நாடுகள் சேர்ந்த அமைப்பாக விரிந்தது.

வெளிநாட்டுக் கதை இவ்வளவு போதும். நமக்கு அண்மையிலுள்ள இடத்துக்கு வருவோம். பரத்பூருக்கு நம் சங்கத்தின் சார்பிலே உல்லாசப் பயணம் சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். போனவர்களுள் பாதிப்பேர் பறவை பார்த்தனர். மீதிப்பேர் புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதிலேயே நாளைக் கழித்தனர். அந்தக் கேவலாதேவ் ஏரிப் பகுதி அரசர்களின் வேட்டைக்காக அணை கட்டி நீர் தேக்கி உண்டாக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு நவம்பரிலே ஆங்கில வைசிராய் லின்லித்கோவும் அவர் கூட்டத்தாரும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டனர் என்று அங்குள்ள கல்வெட்டு இன்றும் பறைசாற்றுகின்றது. அத்தகைய இடம் பின்னர்ப் பறவைகளின் புகலிடமாகித் தேசியப் பூங்காவும் ஆயிற்று.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. சுற்றியிருந்த சிற்றூர்களின் எருமைகளும் பசுக்களும் தலைமுறை தலைமுறையாக அந்த ஏரிக்குள் இறங்கி மேய்ந்து வந்தன. மேய்ச்சலால் பறவைகளுக்குக் கேடு என்பது அறிஞர்களின் கருத்து. பறவையியல் மேதை சாலிம் அலியும் அக்கருத்தையே கொண்டிருந்தார். 1982ஆம் ஆண்டு மேய்ச்சல் அடியோடு தடுக்கப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1980இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அந்த ஏரியிலே நெடுங்கால ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியிருந்தது. நீர், புல், மீன், பறவை, கால்நடை எல்லாவற்றையும் பத்தாண்டுகள் அளந்தனர்.

அளந்ததில் தெரிந்தது என்ன? எருமை போன பின்பு, ஏரியிலே ஒரு வகை நீர்ப்புல் தடையின்றிப் பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டது. நீர்ப்பறவை பல இறங்குவதற்கும் இரை தேடுவதற்கும் இடமின்றிப் போயிற்று. வாத்துக்கும் நாரைக்கும் எதிரி என்று விரட்டப்பட்ட எருமையே, புல்லைத் தின்று நீர்ப்பரப்பைத் திறந்து வைத்த தோட்டக்காரன் என்பது வெளியாயிற்று. வி. எஸ். விஜயன் தலைமையிலே நடந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு, முற்றான தடை ஏரிக்கு நன்மை செய்யவில்லை என்பதே. தங்கள் கழகமே வற்புறுத்தி வந்த கருத்துக்கு மாறாகத் தங்கள் அளவைகள் வந்து நின்றபோது, அவர்கள் அளவைகளின் பக்கமே நின்றனர். இதைவிடப் பெரிய நேர்மையை நாங்கள் அறியோம். ஆனால் உயிரிழந்தவர்களின் வீட்டார்க்கு அந்நேர்மை எட்டாண்டு பிந்தி வந்தது. அதையும் மறைத்துப் பேசுதல் முறையன்று. விஜயன் அவர்கள் பின்னர்க் கோயம்புத்தூரிலே 1990ஆம் ஆண்டு தோன்றிய சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார்.

அதே பரத்பூரிலே இன்னொரு கதை. நம் குடியிருப்பின் முதியவர்களுக்கு நினைவிருக்கும்: அவர்கள் இங்கு வந்த புதிதில் தலைநகரின் பெருமரங்களில் கழுகுகள், சரியாகச் சொன்னால் பாறுகள், கூட்டங்கூட்டமாக அமர்ந்திருக்கும். அவை எப்போது போயின என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இருந்தன, பிறகு இல்லை' என்பார்கள். விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1987-88இல் பரத்பூரிலே வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1996இல் மீண்டும் எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே இருந்தன. அதன் பின்னர் இன்னும் அருகின. முதல் எண்ணிக்கை இருந்தமையாலன்றோ இரண்டாவது எண்ணிக்கைக்குப் பொருள் வந்தது! மாட்டுக்கு வலி போக்கத் தரும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லுகின்றது என்று 2003ஆம் ஆண்டு கண்டறிந்தனர். 2006இலே நம் அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அதற்குள் 100க்கு 99 வெண்முதுகுப் பாறு அழிந்துவிட்டது. தெற்கிலே எஞ்சியவற்றுள் ஒரு பகுதி, நீலகிரியின் அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கிலே இன்றும் கூடு கட்டுகின்றது.

மோயாற்றைச் சொன்னதும் முதுமலை நினைவுக்கு வருகின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த இராமன் சுகுமார் அவர்களும் உடனுழைத்தோரும் 1988ஆம் ஆண்டு முதுமலைக் காட்டிலே 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து வகுத்தனர். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவிலே 1980ஆம் ஆண்டையொட்டி ஹப்பெல், ஃபாஸ்டர் என்னும் இருவர் தொடங்கிய முறையே இதற்கு முன்மாதிரி. இன்று உலகெங்கும் இத்தகைய காடுகள் 70க்கு மேல் ஒரே முறையில் எண்ணப்பட்டு வருகின்றன. முதுமலையிலே ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மரஞ்செடி ஒவ்வொன்றையும் வகை கண்டு, எண்ணிட்டு, இருக்குமிடத்தைப் படத்தில் குறித்தனர். 70க்கு மேற்பட்ட வகைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 26,000 மரஞ்செடிகள்! ஒவ்வோர் ஆண்டும் எது மாண்டது, எது புதிதாகத் தலையெடுத்தது என்று பார்க்கின்றனர். நான்காண்டுக்கு ஒரு முறை பருமனை அளக்கின்றனர்.

காட்டிலே மரம் எண்ணுவதில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். ஒன்று சொல்லுகின்றோம். நம் பூவரசின் குடும்பத்தைச் சேர்ந்த கைடியா என்னும் சிறுமரம் முதற்கணக்கிலே மிகுதியாக இருந்தது. யானைக்கு அதன்மீது பெருவிருப்பம். பட்டையை உரிக்கும், தண்டை முறிக்கும். சில ஆண்டுகளுக்குள் அம்மரம் அந்நிலத்திலே மிகவும் அருகிப்போயிற்று. இடையே வறண்ட ஆண்டுகளிலே தீயும் வந்து இளங்கன்றுகளைக் கருக்கியது. தேக்கும் மருதும் வெண்தேக்கும் தீயைத் தாங்கி நின்றன. ஓராண்டு மட்டும் சென்று பார்த்தவர் 'யானை காட்டை அழிக்கின்றது' என்று எழுதியிருப்பார். மற்றோராண்டு சென்றவர் 'தீ காட்டை அழிக்கின்றது' என்று எழுதியிருப்பார். முப்பதாண்டுக்கு மேல் உடனிருந்தவர்களோ, எந்த மரத்துக்கு எது பகை, எவ்வளவு காலத்தில் மீண்டு வரும் என்று தனித்தனியே சொல்ல முடிகின்றது. உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் அங்கே எப்படிப் பரவிற்று என்பதையும் அவ்வாறே குறித்திருக்கின்றனர்.

இப்பணியின் மதிப்பை உணர்ந்து நம் நாட்டு அரசும் 2015ஆம் ஆண்டு நெடுங்காலச் சூழலியல் நோக்ககங்களுக்கான திட்டம் ஒன்றை அறிவித்தது. மேற்கு இமயம், கிழக்கு இமயம், காஷ்மீரம், இராஜஸ்தான்-குஜராத்து வறள்நிலம், நடு இந்தியக் காடு, மேற்குத் தொடர்ச்சி மலை, சுந்தரவனம், அந்தமான் தீவுகள் என எட்டு வகை நிலங்களை அது தழுவுகின்றது.

இனி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வாய்ப்பு என்பதைச் சொல்லவேண்டும். செயற்குழுவினர் இதைத்தான் முதன்மையாகக் கேட்டுக்கொண்டனர். நேற்று ஒரு சிறுவன், "மாமா, இதற்குச் சான்றிதழ் தருவார்களா?" என்று கேட்டான். தம்பி, சில இடங்களில் தருவார்கள். ஆனால் அதற்காக வராதே!

மரத்தை நோக்க விரும்புவோர்க்குப் 'பருவ நோக்கு' என்னும் பொருள்படும் சீசன்வாட்ச் என்ற முயற்சி 2010ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு வாரம் ஒரு முறை, இலை துளிர்த்திருக்கின்றதா, பூ உண்டா, காய் உண்டா என்று பார்த்துக் கைப்பேசியிலே பதிந்தால் போதும். வேம்பு, மா, புளி, நாவல், கொன்றை எல்லாம் அப்பட்டியலில் உள்ளன. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதிலே முன்னணியில் நிற்கின்றனர். நம் பிள்ளைகள் பின்தங்குவதேன் என்று கேட்டால், தேர்வு என்கின்றனர். கேரளத்திலும் தேர்வு நடக்கத்தான் செய்கின்றது!

பறவையில் விருப்பமுடையோர்க்கு வாய்ப்பு இன்னும் மிகுதி. ஆண்டுதோறும் சனவரியிலே நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு; ஆசிய நாடுகளிலே இது 1987 முதல் நடக்கின்றது. பிப்ரவரியிலே நான்கு நாள் வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. இந்தியர்கள் இதிலே 2013 முதல் பங்கு கொள்கின்றனர். தமிழ்நாட்டிலே 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணும் நல்வழக்கம் ஒன்று தோன்றியிருக்கின்றது. பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் அதிலே சேர்ந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் நின்று, கண்டதைக் கண்டவாறு எழுதினால் அதுவே ஒரு கணக்கு. இவ்வாறு 30,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் எழுதிய மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டே 2023ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளிவந்தது. 942 வகைகளை ஆராய்ந்து, அவற்றுள் 178 வகைகள் உடனடிக் கவனத்துக்கு உரியவை என்று அது கூறிற்று. 2020இல் வந்த இதன் முந்திய அறிக்கை, சிட்டுக்குருவியைப் பற்றி நாம் கூடிக்கூடிப் பேசுவதையும் சற்றே திருத்தியது. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரும்பாலும் நிலையாகவே இருக்கின்றது. தில்லி, சென்னை முதலிய ஆறு பெருநகரங்களிலேதான் குறைந்துள்ளது. 'கைப்பேசிக் கோபுரத்தால் குருவி அழிந்தது' என்று இதே மேடையில் ஒரு முறை நாங்களே முழங்கியிருக்கின்றோம்; கணக்கைப் பாராமல் பேசிய பேச்சு அது. இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுகின்றோம்.

இதனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்குத் தேராதூனிலே இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரிலே இந்திய விஞ்ஞானக் கழகமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும், கோயம்புத்தூரிலே முன்னே சொன்ன சாலிம் அலி மையம், மயிலாடுதுறையிலே ஏ.வி.சி. கல்லூரி ஆகியவை உண்டு. இந்த இடத்தில் பெற்றோர்களிடம் உள்ளதை உள்ளவாறு சொல்லவேண்டும். நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி, பொறியியலிலே இடம் கிடைத்தும் விட்டுவிட்டுத் தாவரவியல் படித்தாள். பின்பு தெற்கே ஒரு காட்டிலே ஆராய்ச்சித் திட்டப் பணியிலே சேர்ந்தாள். அவளுடைய தந்தையார் எங்களிடம் வந்து, "நீங்கள்தாம் மரம் மரம் என்று சொல்லி அவள் மனத்தைக் கெடுத்தீர்கள்" என்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அவர் கூறியதிலே உண்மை உண்டு. திட்டப் பணி இரண்டாண்டு, மூன்றாண்டு. அதன்பின் என்ன என்பது உறுதியில்லை. ஊதியம் கணினித் துறையோடு ஒப்பிடத்தக்கதன்று. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். நூறாண்டுக்கு நடத்தவேண்டிய ஆராய்ச்சிக்கு மூன்றாண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்குகின்ற விந்தையை எந்த நாட்டிலும் காணலாம். அந்தப் பெண் சென்ற பொங்கலுக்கு எழுதிய கடிதத்திலே, தனக்கு மரங்களை இனங்காணக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்றும், பட்டையைக் கீறி முகர்ந்தே அவர் பெயர் சொல்லிவிடுவார் என்றும், அவருக்குப் பின் அதைச் சொல்ல ஆளில்லை என்பதால் இரவு தோறும் அவர் சொன்னவற்றை எழுதி வைப்பதாகவும் குறிப்பிட்டிருந்தாள். தந்தையார் அக்கடிதத்தை எங்களிடம் காட்டினார். கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டார்.

இறுதியாக, நம் வேம்பு. அந்த அம்மையாரின் நோட்டுகளைக் கண்ட பின்னர், 2013ஆம் ஆண்டு நாங்கள் ஆறு குடும்பத்தார் சேர்ந்து அதே நூல்நிலைய மரத்தை மீண்டும் நோக்கத் தொடங்கினோம். தளிர், மொட்டு, முதற்பூ, முதற்பழம் என்று நான்கு கட்டம் போட்ட பேரேடு ஒன்று நூல்நிலையத்திலே வைத்தோம். ஆறாண்டுகள் நன்றாகவே நடந்தது. 2019இலே பேரேட்டைக் காத்துவந்த நண்பர் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களிலே ஊரடங்கு வந்தது. நூல்நிலையம் பூட்டப்பட்டது, பேரேடு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. அந்த வேனிலிலே தலைநகரின் வானம் நீலமாக இருந்தது. வண்டிகளின் ஓசை இல்லை. வேம்போ எங்கள் மாடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவிலே பூத்து உதிர்ந்தது. பூமணம் வீட்டுக்குள் வந்தது. ஒரு துண்டுத் தாளிலே நாளைக் குறித்து வைத்திருக்கலாம். ஆறு குடும்பத்தாருள் ஒருவரும் செய்யவில்லை. பேரேட்டிலே 2020 என்ற வரிசை வெறுமையாக இருக்கின்றது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. அந்த அம்மையாருக்குப் பேரேடும் இல்லை, குழுவும் இல்லை. பால் கணக்குக்கு இடையே எழுதினார்.

2022இலே மீண்டும் தொடங்கினோம். சென்ற ஆண்டு மின்கம்பிக்கு இடையூறு என்று யாரோ ஆட்களை விட்டுத் தென்பக்கத்துக் கிளைகளை வெட்டிவிட்டனர். அப்பக்கம் பூக்கவில்லை. அதையும் எழுதியிருக்கின்றோம், வெட்டிய நாளையும் சேர்த்து. குடியிருப்பையே இடித்து அடுக்குமாடி எழுப்பப் போகின்றார்கள் என்று ஒரு சாராரும், இப்போதைக்கு இல்லை என்று ஒரு சாராரும் சொல்லுகின்றனர். மரம் நிற்குமா என்பது எங்கள் கையில் இல்லை. நம்முள் யாரும் ஓய்வு பெற்ற பின் இங்கே இருக்கப்போவதுமில்லை. ஆறு குடும்பத்துள் மூன்று குடும்பம் வரும் ஆண்டுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். எனவே மூன்று குடும்பம் புதிதாகத் தேவை. தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நன்று. தெரியாவிட்டால் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலே கற்பித்துக்கொள்ளலாம்.

பேரேடு இப்போது நூல்நிலையப் பூட்டுக்குள் இல்லை. வாசலுக்கு இடப்புறம், செய்தித்தாள் மேசையின் மேல், கயிறு கட்டிய பென்சிலோடு இருக்கின்றது. அம்மையாரின் பதினொரு நோட்டுகளையும் படியெடுத்து அதன் முன்பக்கங்களிலே ஒட்டியிருக்கின்றோம்; ஊறுகாய் முறைகளையும் விடவில்லை. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மரத்தடியிலே கூடுவோம். விருப்பமுள்ளோர் வருக. காப்பி உண்டு.